வரிசையின் கடைசி ஆள்

அந்தப் பெண் எதற்கும் முதலில் நின்று நான் பார்த்ததில்லை. காலை வழிபாட்டு வரிசையில் கடைசி. வகுப்பில் கடைசி பெஞ்சு. மதியம் தட்டு ஏந்தி நிற்கும்போது கடைசி. சாயங்காலம் பேருந்தில் ஏறும்போதும் கடைசி. படிப்பில் மட்டும் நடுவில் இருந்தாள்.

இது அவளாகத் தேடிக்கொண்ட இடமில்லை. ஆறாம் வகுப்பில் வந்து சேர்ந்த அன்றே டீச்சர் அவளை அண்ணாந்து பார்த்துவிட்டு, "பின்னாடி போ சாமி, மறைக்குது" என்றார். அவள் போனாள். அடுத்த ஆண்டும் வளர்ந்தாள், அடுத்த டீச்சரும் அதையே சொன்னார். ஒன்பதாம் வகுப்புக்கு வந்தபோது யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வகுப்புப் படம் எடுக்க வந்தவர் கேமராவைப் பையிலிருந்து வெளியே எடுப்பதற்குள் அவள் எல்லோருக்கும் பின்னால் இருந்த வேப்பமரத்தடிக்குப் போய்விட்டாள். அந்தப் படம் இன்னும் அலுவலக அறையில் மாட்டியிருக்கிறது. வேப்பமரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு இளமரம் மாதிரி ஒன்று தெரியும். அதுதான் அவள்.

திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் நான் அட்டெண்டராக இருக்கிறேன். மணி அடிப்பேன், பீரோவிலிருந்து ரெக்கார்டு எடுத்துத் தருவேன், டீ வாங்கி வருவேன். நான்கு பேர் என்னைப் பார்த்தால் எனக்கு வாய் வறண்டுவிடும். பள்ளி விழாவில் எனக்கு ஒருமுறை சால்வை போடுவதாகச் சொன்னார்கள். அன்றைக்கு நான் விடுப்பு எடுத்துக்கொண்டேன். அதனால் கூட்டத்துக்குப் பின்னால் நிற்கிற ஆளை எனக்குப் பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை. பின்னால் நிற்கிறவர்களுக்குள் ஒரு பழக்கம் ஏற்பட்டுவிடும். அவள் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால், "என்னைய எதுக்குங்க்கா முன்னாடி இழுத்து உடறீங்க?" என்று சண்டைக்கு வருவாள்.

அவள் அப்பா ரிக் லாரி ஓட்டுகிறவர். ஆழ்துளைக் கிணறு போடும் வண்டி. எங்கள் பக்கத்திலிருந்து அந்த வண்டிகள் நாடு முழுக்கப் போகும். ஒருமுறை போனால் திரும்பி வர மாதக்கணக்காகும். வண்டி நிறுத்தும் ஷெட் அவர்கள் வீட்டுச் சந்தின் முனையில் இருந்தது. அந்தச் சந்துக்குள் அவ்வளவு பெரிய வண்டி ரிவர்ஸில்தான் நுழைய முடியும். பின்னால் நின்று வழி சொல்ல ஓர் ஆள் வேண்டும். சின்ன வயதிலிருந்து அந்த வேலை அவளுடையது. வண்டியின் பின்பக்கத்தை உள்ளங்கையால் தட்டிக்கொண்டே, "வா வா வா... லெப்ட்ல ஒடி... இன்னும் ஒடி... வா வா... ஹோல்டான்!" என்று அவள் கத்தினால் தெருமுனை டீக்கடை வரைக்கும் கேட்கும். வகுப்பில் 'உள்ளேன்' சொன்னால் முன் பெஞ்சுக்குக்கூடக் கேட்காது.

இந்த இரண்டு குரலும் ஒரே தொண்டையிலிருந்து வருகின்றன என்று பள்ளியில் எனக்குக்கூடத் தெரியாது, எங்கள் தலைமையாசிரியை கார் வாங்கும் வரை.

தலைமையாசிரியைக்குக் கார் ஓட்ட அப்போதுதான் வந்திருந்தது. முன்னால் போவார். பின்னால் போக வேண்டுமென்றால் கண்ணை மூடிக்கொள்வார். ஒருநாள் பள்ளி விட்ட நேரம், கேட்டுத் தூணுக்கும் சைக்கிள் ஸ்டாண்டுக்கும் நடுவில் கார் மாட்டிக்கொண்டது. டீச்சர்கள் எல்லாம் காரின் முன்னால் நின்று ஆளுக்கொரு பக்கம் கை காட்டினார்கள். அப்போது பின்னாலிருந்து டிக்கியில் டப் டப் என்று சத்தம் கேட்டது.

"வா வா வா! ரைட்ல ஒடி! நல்லா ஒடிச்சுப் புடி! பயப்படாத, வா வா வா... ஹோல்டான்! ஹோல்டான்னா நிறுத்தோணும்!"

தலைமையாசிரியை சொன்னபடி ஸ்டீயரிங்கை ஒடித்தார், சொன்னபடி வந்தார், சொன்னபடி நிறுத்தினார். கார் அழகாக வெளியே வந்துவிட்டது. கண்ணாடியை இறக்கி, "யாரு அது, என்னை வா வான்னு கூப்பிட்டது?" என்று கேட்டார். பின்னால் யாருமே இல்லை. நான் கழிப்பறைப் பக்கம் போய்ப் பார்த்தேன். கதவுக்கு மேலே தலை தெரிந்தது. அந்த உயரத்துக்கு எங்கே ஒளிய முடியும்?

"போயிட்டாங்களாங்க்கா?"

"போயிட்டாங்க சாமி. நீ வா."

"டீச்சரைப் போயி 'பயப்படாத'ன்னு சொல்லிப்போட்டனுங்க்கா. டி.சி. குடுத்துருவாங்களா?"

சிரிப்பை அடக்க முடியாமல் நான் வாளியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டேன். டி.சி. ஒன்றும் கொடுக்கவில்லை. மறுநாளிலிருந்து தலைமையாசிரியை பள்ளி விட்டதும் காரில் ஏறி உட்கார்ந்து, எதற்கோ காத்திருப்பவர் மாதிரி கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருப்பார். கொஞ்ச நேரத்தில் டிக்கியில் டப் டப் என்று கேட்கும். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ள மாட்டார்கள்.

போன ஆண்டு சேலம் பேருந்து நிலையத்தில் அவளைப் பார்த்தேன். கல்லூரி முடித்து வேலைக்குப் போகிறாள். பேருந்து வந்ததும் ஜனங்கள் நெருக்கியடித்துக்கொண்டு ஏற, அவள் கூடையோடு நின்ற அம்மாளை ஏற்றிவிட்டாள், குழந்தையோடு நின்றவரை ஏற்றிவிட்டாள், கடைசியில் படியில் கால் வைத்துக்கொண்டு பேருந்தின் பக்கவாட்டில் தட்டி, "போலாம் ரைட்!" என்றாள். வண்டி கிளம்பிவிட்டது. கண்டக்டர் இன்னும் கீழே டீ குடித்துக்கொண்டிருந்தார்.

ஆனால் நான் சொல்ல வந்தது முகாமைப் பற்றி.

அவள் ஒன்பதாவது படித்தபோது அரையாண்டு விடுமுறையில் பள்ளிப் பெண்களுக்கு ஒரு மலையேற்ற முகாம் நடந்தது. சேலத்தில் கொண்டப்பநாயக்கன்பட்டியைத் தாண்டி, ஏற்காட்டு மலை ஏறத் தொடங்கும் இடத்தில் ஒரு மாந்தோப்பு. சில பள்ளிகளிலிருந்து பள்ளிக்கு ஒரு குழு. கூட ஒரு பெண் போக வேண்டும் என்பது விதி. போக வேண்டிய டீச்சருக்கு அம்மை போட்டுவிட்டது. தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். மறுநாள் காலை பெட்டியோடு வேனில் உட்கார்ந்திருந்தேன்.

போகும் வழியெல்லாம் பிள்ளைகள் மாங்காய் பற்றியே பேசின. நஸ்ரின் என்று ஒரு பெண், சேலம் கடைவீதியில் அவள் மாமாவுக்குப் பாத்திரக் கடை. உப்பும் மிளகாய்ப்பொடியும் கலந்து ஒரு டப்பா நிறையக் கொண்டு வந்திருந்தாள். மார்கழி மாதத்தில் மாங்காய் எங்கிருந்து வரும்? இறங்கிப் பார்த்தால் தோப்பு முழுக்க இலைதான். நஸ்ரின் அந்த உப்பு மிளகாயை முகாம் முடியும்வரை இட்லிக்குத் தொட்டுத் தின்றாள்.

முகாமை நடத்தியவரை எல்லோரும் முகாம் சார் என்றுதான் கூப்பிட்டோம். முட்டி வரை வெள்ளை சாக்ஸ், கழுத்தில் விசில். பேசுவதைவிட ஊதுவது அதிகம். வந்ததும் எங்கள் பெண்களை வரிசையில் நிற்க வைத்தார். ஹரிணி ஒரே தாவலில் முன்னால் போய் நின்றாள். ஹரிணிக்கு எங்கேயும் முன்னால் நிற்க வேண்டும். பள்ளியில் எல்லாவற்றுக்கும் அவள்தான் லீடர். முகாமில் லீடரானால் கட்டிக்கொள்ள ஒரு சிவப்புக் கழுத்துத் துணியைத் தேய்த்து மடித்தே கொண்டு வந்திருந்தாள்.

முகாம் சார் வரிசை நெடுக நடந்து கடைசிக்கு வந்து, அண்ணாந்து பார்த்தார். ஒரு கொடியை எடுத்து நீட்டினார்.

"நீதாம்மா லீடர். உன் கையில கொடி இருந்தா மலைக்கு அந்தப் பக்கம் இருந்துகூடத் தெரியும்."

அவள் திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தாள். பின்னால் நான்தான் நின்றேன்.

"அக்காவைச் சொல்றீங்களா சார்?"

"உன்னைத்தாம்மா!"

அன்று சாயங்காலம் என் போனில் அவள் அப்பா கூப்பிட்டார். எங்கோ வடக்கே ஒரு காட்டில் போர்வெல் போட்டுக்கொண்டிருந்தார்கள். பின்னால் துளையிடும் வண்டியின் கம்ப்ரஷர் சத்தம் காதைக் கிழித்தது. அவள் போனை வாங்கி, சின்னக் குரலில், "அப்பா, என்னைய லீடராப் போட்டுட்டாங்க" என்றாள். கம்ப்ரஷரையும் மீறி ஒரு கத்தல். "ஏப்பா, எல்லாரும் இங்க வாங்கப்பா! எம் புள்ள லீடராமா! மலைக்கே லீடராமா!" அந்தப் பக்கம் ரிக் வண்டி ஆட்கள் அத்தனை பேரும் விசிலடித்தார்கள். அன்று இரவு அவர்கள் அந்த ஊரில் கிடைத்த ஏதோ ஓர் இனிப்பை வாங்கித் தின்றார்களாம். மறுநாள் முதல் தினமும் சாயங்காலம் போன் வந்தது. "வணக்கமுங்க அம்மிணி. லீடர் இருக்குதுங்களா?"

லீடர் இருந்தாள். குழுதான் இருக்கவில்லை.

மறுநாள் நடைப் பயிற்சி. லீடர் கொடியோடு முன்னால் போக வேண்டும் என்பது முகாம் சாரின் கட்டளை. அவளுக்கு முன்னால் நின்றே பழக்கமில்லை. தன் முதுகை இத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற வெட்கத்தில் வேகமாக நடந்தாள். நீளக் கால்கள். அவள் ஓர் எட்டு வைத்தால் நஸ்ரினுக்கு மூன்று எட்டு. முகாம் சார் ஓடைக்கரையில் காத்திருந்தார். கொடி வந்தது, கொடிக்குக் கீழே அவள் வந்தாள். பின்னால் ஒருவரும் இல்லை.

"லீடர் இங்க இருக்கு. குரூப் எங்கம்மா?"

அவள் திரும்பிப் பார்த்துத் திடுக்கிட்டு, "வந்துட்டே இருந்துச்சுங்க சார்" என்றாள்.

குழு பாதி வழியில் ஒரு பாறையில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தது. நானும்தான்.

சாயங்காலமும் அதே கதை. இந்த முறை பின்னால் ஆள் வருகிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்து, நேராக ஒரு மாமரத்தில் போய் மோதினாள். மரத்திடம், "சாரிங்க" என்றாள். மற்ற பள்ளிப் பெண்கள் சிரித்தார்கள். எங்கள் பெண்களும் சிரித்தார்கள். முகாம் சார் மட்டும் சிரிக்கவில்லை.

"இதோ பாரும்மா. கடைசி நாள் மலை மேல ஏறப் போறோம். உன் குரூப் மொத்தமா மேல வந்து சேரணும். சிதறி வந்தா லீடரை மாத்திடுவேன். நிறைவு விழாவுல லீடர் பேட்ஜ் புதுசா வர்றவங்களுக்குத்தான்."

ஹரிணி தேய்த்த துணியை எடுத்து மறுபடியும் தேய்த்தாற்போல் தடவி வைத்தாள்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன் தண்ணீர்த் தொட்டியருகில் அவள் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். நானும் கழுவிக்கொண்டிருந்தேன். இருவருக்கும் பேசத் தெரியாததால் தட்டு ரொம்ப நேரம் கழுவப்பட்டது.

"அக்கா, என்னைய எடுத்துப்போட்டா எனக்கொண்ணும் இல்லீங்க்கா. ஆனா எங்கப்பன் ரிக்குல இருக்கற அத்தனை பேருக்கும் சொல்லி வெச்சிருக்குது. நாளைக்கு 'லீடர் இருக்குதுங்களா'ன்னு கேட்டா நீங்க என்னன்னு சொல்லுவீங்க?"

"சாம்பார் அண்டா தூக்கோணுமாமா, கூப்பிடறாங்க" என்று மட்டும் சொன்னேன்.

சமையல் மேட்டில் நடந்தது. சாப்பாடு பள்ளத்தில். கொதிக்கிற சாம்பாரோடு பெரிய அண்டாவைச் சரிவில் இறக்க வேண்டும். இரண்டு காதிலும் கம்பு கோத்து எங்கள் பெண்கள்தான் தூக்கினார்கள். பாதிச் சரிவில் ஒருத்தி இந்தப் பக்கம் இழுக்க, ஒருத்தி அந்தப் பக்கம் இழுக்க, அண்டா ஆடியது. "ஐயோ ஊத்துதுடி!" என்று நஸ்ரின் அலறினாள். சமையல்காரர் கரண்டியோடு ஓடி வந்தார்.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. தோப்பே திரும்பிப் பார்த்தது.

"ஹோல்டான்!"

அண்டா நின்றது. பெண்கள் நின்றார்கள். சமையல்காரரும் நின்றுவிட்டார்.

"ஹரிணி, லெப்ட்ல ஒடி. ஒடி ஒடி... போதும், நேர் பண்ணு. நஸ்ரினு, நீ வா வா வா... மெதுவா... கல்லு இருக்குது, காலைத் தூக்கி வெய்யி... வா வா... ஹோல்டான்! எறக்கு!"

ஒரு சொட்டுச் சிந்தவில்லை. நஸ்ரின் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அடிப்பாவி, இந்தத் தொண்டையை இத்தன நாளு எங்கடி வெச்சிருந்த? எச்.எம். காரைத் தட்டறது நீதானா?"

அவள் முகத்தை மூடிக்கொண்டாள். எல்லாப் பெண்களும் சிரித்துச் சிரித்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். அந்த இடத்தில்தான், சாம்பார் ஆறிக்கொண்டிருக்க, எங்கள் குழு லாரியாக மாறியது. யார் சொன்னது என்று நினைவில்லை. நஸ்ரின் ஹாரன். ஒல்லியாக இருந்த இரட்டையர் இருவரும் ஹெட்லைட். ஹரிணி முறைத்துக்கொண்டு நின்றாள்.

"ஹரிணி, நீ டிரைவரு" என்றாள் அவள். "நான் கிளீனரு. நீ முன்னாடி போ. நான் பின்னாடி இருந்து சொல்றேன்."

ஹரிணி கொஞ்சம் யோசித்தாள். முன்னால் போகலாம் என்பது மட்டும் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. "சரி. ஆனா கொடி நாந்தான் புடிப்பேன்" என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பெண்கள் தண்ணீர் எடுக்கப் போனாலும் லாரிதான், பல் தேய்க்கப் போனாலும் லாரிதான். கூடாரத்துக்குள் ரிவர்ஸில் நுழைந்து படுத்தார்கள்.

மலையேறும் நாள் வந்தது. லாரி நீண்ட பயணம் புறப்படும்போது எங்கள் ஊரில் சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுவார்கள். எங்கள் பெண்கள் சமையல்காரரிடம் கெஞ்சி ஒரு பழம் வாங்கி ஹரிணியின் ஷூவுக்கு முன்னால் வைத்தார்கள். முகாம் சார் என்னவென்று பார்க்கக் குனிந்தார். ஹரிணி டிரைவர் என்ற பொறுப்போடு ஓங்கி மிதித்தாள். சாறு நேராகப் போய் அவர் வெள்ளை சாக்ஸில் அடித்தது.

"என்னம்மா இது?"

"வண்டி எடுக்கறமுங்க சார்!" என்று எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள்.

அவர் கைக்குட்டையால் சாக்ஸைத் துடைத்தார். பிறகு கொடி ஹரிணியிடம் இருப்பதைப் பார்த்தார். விசில் ஊதினார். "லீடர் முன்னாடி. இது முகாம் விதி. கொடியை வாங்கிக்கோம்மா."

அவள் கொடியை வாங்கிக்கொண்டு முன்னால் போனாள். லாரி செத்துப்போயிற்று. நஸ்ரின் ஹாரன் அடிக்கவில்லை. ஹரிணி கோபத்தில் மெதுவாக நடந்தாள். வண்டிப்பாதை முடிந்து ஒற்றையடிப் பாதை ஆரம்பித்ததும் குழு அங்கங்கே சிதறத் தொடங்கிவிட்டது. எல்லோருக்கும் கடைசியாக நான். என் முட்டி அன்றைக்கென்று பிடித்துக்கொண்டது. முகாம் சார் என் அருகில் வந்து, "நீங்க இந்தப் பாறையில உட்கார்ந்துக்குங்கம்மா. திரும்பி வரும்போது கூட்டிட்டுப் போறோம்" என்றார். எனக்கு அது நல்ல ஏற்பாடாகத்தான் பட்டது. உட்கார்ந்தேன்.

மேலே ஒரு வளைவில் கொடி நின்றது. பிறகு கொடி கீழே வரத் தொடங்கியது. எல்லோரையும் தாண்டி, தாவித் தாவி இறங்கி வந்து, மூச்சு வாங்க முகாம் சார் முன்னால் நின்றாள்.

"சார், அக்காவும் எங்க குரூப்புதானுங்க."

"அவங்களால முடியலைம்மா."

"முடியுமுங்க சார். மெதுவாத்தான் வருவாங்க." கொடியைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். "முன்னாடி போனா ஆரு வல்லைன்னு எனக்குத் தெரிய மாட்டேங்குதுங்க சார். பின்னாடி நின்னாத்தான் எல்லாரும் தெரியறாங்க. நான் பின்னாடி வாரனுங்க."

"அப்ப முன்னாடி வழி யாரு பார்க்கிறது?"

"ஹரிணி பாப்பாளுங்க. அவளுக்கு முன்னாடி நிக்கறதுன்னா சோறே வேண்டாமுங்க."

மேலேயிருந்து ஹரிணி, "எல்லாங் கேக்குதுடி!" என்று கத்தினாள். முகாம் சார் விசிலை வாயருகில் கொண்டு போனார். ஊதவில்லை. அவர் மீசைக்குக் கீழே ஏதோ நடந்தது. சிரிப்பாக இருக்கலாம். "என்னமோ பண்ணு. ஆனா மொத்தமா வரணும். ஒருத்தர் குறைஞ்சாலும் நான் சொன்னது சொன்னதுதான்" என்றார்.

கொடி கைமாறி மேலே ஹரிணியிடம் போயிற்று. என் முதுகில் ஓர் உள்ளங்கை விழுந்தது. டப் டப்.

"வாங்க வாங்க வாங்க... லெப்ட்ல ஒடிங்க்கா... வேருங்க, காலைத் தூக்கி வெய்யிங்க... வாங்க வாங்க..."

தலைமையாசிரியைக்குக் கிடைக்காத 'ங்க' எனக்குக் கிடைத்தது. முட்டி வலித்தது, ஆனால் அந்தக் குரலுக்கு முன்னால் நிற்க முடியவில்லை, நகர்ந்துதான் ஆக வேண்டும். யாராவது தளர்ந்தால் "ஹோல்டான்!" மொத்த வண்டியும் நிற்கும், தண்ணீர் குடிக்கும். "போலாம் ரைட்!" கிளம்பும். வளைவு வந்தால் நஸ்ரின், "பாம்ம்ம்!" என்பாள். ஒரு வளைவில் விறகுச் சுமையோடு இறங்கி வந்த கணவனும் மனைவியும் அவசரமாகப் பாதையோரம் ஒதுங்கி நின்றார்கள்.

"ஏம் புள்ளைகளா, இந்தத் தடத்துல லாரியா வருது?" என்று அந்த அம்மாள் கேட்டாள்.

"ஆமாங்க, லோடு வண்டி! ஒதுங்குங்க, ஒதுங்குங்க!" என்றாள் ஹரிணி, கொடியை ஆட்டிக்கொண்டே.

எனக்குச் சிரிப்பில் மூச்சு முட்டியது. வாழ்க்கையில் முதல்முறையாக நானும் ஒரு வளைவில், யாருக்கும் கேட்காத மாதிரி, "பாம்" என்றேன். முன்னால் போன இரட்டையர் இருவரும் திரும்பிப் பார்த்து, "அக்கா ஹாரன் அடிக்குது!" என்று மலை முழுக்க அறிவித்தார்கள்.

மேலே நாங்கள்தான் கடைசியாகப் போய்ச் சேர்ந்தோம். மற்ற குழுக்கள் எப்போதோ வந்து சாப்பிட்டு முடித்திருந்தன. ஆனால் நாங்கள் மொத்தமாக வந்தோம். முகாம் சார் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். என்னைப் பார்த்ததும் தலையை ஆட்டினார்.

"சரி. மொத்தமா வந்தாச்சு. இன்னும் ஒண்ணு பாக்கி. சாயங்காலம் விழாவுல லீடர் மேடையில நின்னு குரூப்பைப் பத்திப் பேசணும். எல்லா லீடரும் பேசறாங்க. பேசினா பேட்ஜ்."

அவள் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே வழிந்து போயிற்று. இறங்கும்போது அவள் தட்டிய தட்டுகளில் தாளமே இல்லை.

தோப்பில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு, முன்னால் ஒரு மேடை அமைத்திருந்தார்கள். சிறப்பு விருந்தினராக உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் வேட்டி சட்டையில் வந்து, முன் வரிசையில் நடுவில் உட்கார்ந்தார். நான் வழக்கம்போல் கடைசி வரிசையில், கடைசி நாற்காலியில். அந்த நேரம் பார்த்து போன் வந்தது.

"வணக்கமுங்க அம்மிணி. இன்னிக்கு விழான்னு லீடர் நேத்தே சொல்லுச்சு. கொஞ்சம் போனைத் தூக்கிப் புடிக்கறீங்களா? போரையே நிறுத்தி வெச்சிருக்கறமுங்க. எல்லாரும் உக்காந்திருக்கறம்."

கம்ப்ரஷர் சத்தமே இல்லை. போனை ஸ்பீக்கரில் போட்டுத் தூக்கிப் பிடித்தேன்.

மற்ற பள்ளி லீடர்கள் ஒவ்வொருவராக ஏறி, "மாண்புமிகு" என்று ஆரம்பித்து நன்றாகப் பேசினார்கள். எங்கள் முறை வந்தது. அவள் மேடையேறினாள். மைக் அவள் மார்பு உயரத்தில் இருந்தது. குனிந்து அதைப் பார்த்தாள். பிறகு எங்களைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. அவளுடைய கண்கள் முன் வரிசையிலிருந்து மெதுவாகப் பின்னால் வந்து, என் வரிசைக்கும் பின்னால் இருந்த காலி இடத்தில் போய் நின்றன. ஹரிணி பாதி எழுந்துவிட்டாள். சிவப்புத் துணி மடியில் தயாராக இருந்தது.

"முடியலைன்னா பரவாயில்லைம்மா" என்றார் முகாம் சார், கனிவாகவே.

அவள் மேடையிலிருந்து இறங்கினாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் நாற்காலிகளுக்கு நடுவில் நேராக நடந்து வந்தாள். வரிசை வரிசையாகத் தாண்டி, என்னையும் தாண்டி, எல்லோருக்கும் பின்னால் போய் ஒரு மாமரத்தில் சாய்ந்து நின்றாள். ஒருமுறை மூச்சை இழுத்துவிட்டாள். கையால் மரத்தை டப் டப் என்று தட்டினாள்.

"எல்லாரும் கொஞ்சம் ரிவர்ஸ் எடுங்க!"

முதலில் திரும்பியது எங்கள் பெண்கள்தான். "பாம்ம்ம்!" என்றாள் நஸ்ரின். ஹரிணி துணியை மடியிலிருந்து கீழே தள்ளிவிட்டு, "லெப்ட்ல ஒடிங்க, எல்லாரும் லெப்ட்ல ஒடிங்க!" என்று நாற்காலியைத் திருப்பினாள். பிறகு எல்லாப் பள்ளிப் பிள்ளைகளும் திருப்பினார்கள். தோப்பு முழுக்க நாற்காலி இழுபடும் சத்தம். ஒருவர் கால் இன்னொருவர் நாற்காலியில் மாட்டிக்கொள்ள, ஓவென்று சிரிப்பு. சிறப்பு விருந்தினர் என்ன செய்வதென்று சுற்றிலும் பார்த்துவிட்டு, எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தன் நாற்காலியைத் தானே தூக்கித் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். அவர்தான் இப்போது கடைசி வரிசை.

நான் முதல் வரிசை. என்னால் திரும்பவும் முடியவில்லை, ஓடவும் முடியவில்லை. அத்தனை முகங்களும் என் பக்கம் பார்க்க, கையில் போனைத் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். போனிலிருந்து குரல் வந்தது. "ஏனுங்க, என்னுங்க சத்தம்? லீடர் பேசுதுங்களா?"

"பேசறேம்ப்பா! நீ குறுக்க பேசாத!" என்றாள் அவள்.

இன்னொரு சிரிப்பு. அது அடங்கியதும் அவள் பேசினாள். மைக் தேவைப்படவில்லை.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. எங்க குரூப்பு மேல போயிச் சேர ரொம்ப நேரமாயிருச்சுங்க. மத்தவங்க எல்லாம் பூரி தின்னு முடிச்சிட்டாங்க. எங்களுக்குக் கெழங்கு மட்டுந்தான் கெடச்சுது. ஆனா ஆரையும் உட்டுட்டுப் போகலீங்க. டிரைவர் ஹரிணி நல்லா ஓட்டுச்சு. நஸ்ரின் ஹாரன் அடிச்சுது. அக்காவும் ஒரு ஹாரன் அடிச்சாங்க, சத்தியமுங்க. நான் ஒண்ணும் பண்ணலீங்க. பின்னாடி நின்னு எல்லாரும் இருக்கறாங்களான்னு பார்த்தேன். அவ்வளவுதானுங்க. நன்றிங்க."

முகாம் சார் மேடையில் தனியாக நின்றுகொண்டிருந்தார். பேட்ஜ் அவர் கையில் இருந்தது. கொஞ்சம் தயங்கிவிட்டு மேடையை விட்டு இறங்கி, எலுமிச்சைக் கறை படிந்த சாக்ஸோடு, அத்தனை நாற்காலிகளையும் தாண்டிக் கடைசிக்கு நடந்து வந்தார். அவர் கைக்கு எட்டும்படி அவள் குனிந்தாள்.

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். கையில் போன் இருப்பதை மறந்துவிட்டேன். அது மாஞ்சருகில் விழுந்து, அங்கிருந்து கத்தியது.

"ஹலோ! ஹலோ! அம்மிணி! என்னாச்சுங்க? லீடரா இல்லியா?"

அவள் சருகை விலக்கிப் போனை எடுத்தாள். சட்டையில் குத்தியிருந்ததை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"லீடருதாம்ப்பா. நீ கம்ப்ரஷரைப் போடு."